வளைகோல் பிடிக்கும் கைக்கு எந்தப் பள்ளி?

(இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டார இளம் வளைகோற் பந்தாட்டக்காரர்களின் பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே! உடற்கல்வி ஆசிரியப் பெருமக்களே! பஞ்சாலையில் இரவுப்பணி முடித்துக் கண்ணயராமல் வந்திருக்கும் தந்தைமாரே! தறியையும் அடுப்பையும் விட்டு வந்திருக்கும் தாய்மாரே! திடலின் செம்மண் இன்னும் காலில் ஒட்டியிருக்க, வளைகோலோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இளஞ்செல்வங்களே!

ஒரு தமிழாசிரியனுக்கு வளைகோற் பந்தாட்டக் கூட்டத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பந்தை எப்படித் தடுப்பது, எப்படிக் கடத்துவது என்று சொல்ல நான் வரவில்லை. அதைச் சொல்ல வல்லவர் இங்கேயே இருக்கின்றனர். உங்கள் வீட்டில் ஒரு வினா எழுந்திருக்கிறது. எட்டாம் வகுப்பு முடிக்கப் போகும் பிள்ளை நன்றாக ஆடுகிறது. தனியார் பள்ளி ஒன்றிலிருந்து ஆள் வருகிறார். "கட்டணம் வேண்டா; விடுதி தருகிறோம்; சீருடை, காலணி, கோல் எல்லாம் தருகிறோம்; மாற்றுச் சான்றிதழை மட்டும் வாங்கி வாருங்கள்" என்கிறார். பிள்ளையை அரசுப் பள்ளியிலேயே வைத்திருப்பதா, தனியார் பள்ளிக்கு அனுப்புவதா? இந்த வினாவுக்குள் தமிழ் இருக்கிறது. அதனால்தான் தமிழாசிரியன் பேச வந்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி வேறு, திடல் வேறு. பிள்ளைக்கு எந்தத் திடலில் நல்ல பயிற்சி கிடைக்கிறதோ அந்தத் திடலுக்கு அனுப்புங்கள். ஆனால் திடலைக் காட்டிப் பள்ளியை மாற்றச் சொன்னால், மாற்றுச் சான்றிதழில் கையொப்பமிடுமுன் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டணமில்லை என்று அவர்கள் சொல்லும் அந்த இடத்திற்கு விலை உண்டு. அந்த விலையை உங்கள் பிள்ளை தன் மொழியாலும் உரிமையாலும் கொடுக்கிறது.

முதலில் நம்மூர்ப் பள்ளிகள் எத்தனை வகை என்று தெளிவோம். அரசே நடத்துவது அரசுப் பள்ளி. ஊர்ப்பெருமக்களோ அறக்கட்டளையோ திருச்சபையோ நடத்த, ஆசிரியர் ஊதியத்தை அரசு தருவது அரசு உதவி பெறும் பள்ளி. இவ்விரண்டு ஊர்களிலும் பல தலைமுறைகளுக்கு எழுத்தறிவித்தவை இவ்விரு வகைப் பள்ளிகளே. மூன்றாவது, கட்டணம் வாங்கி நடத்தும் தனியார் பள்ளி. அவற்றுள் பெரும்பாலானவை மெட்ரிகுலேசன் என்று சொல்லப்படும் பதின்மப் பள்ளிகள். முன்பு பல்கலைக்கழகங்களின் பொறுப்பில் சிலவாக இருந்த இப் பள்ளிகளுக்கு 1978-ஆம் ஆண்டில் தனி வாரியம் அமைந்தது. அதன்பின் ஊர்தோறும் தெருதோறும் அவை முளைத்தன. 2010-இல் இயற்றப்பட்ட பொதுப்பாடத்திட்டச் சட்டம், 2011-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் நடைமுறைக்கு வந்தது. பாடத்திட்டம் ஒன்றாயிற்று, பயிற்றுமொழி ஒன்றாகவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளை தமிழில் படிக்கும் அதே அறிவியலைப் பதின்மப் பள்ளிப் பிள்ளை ஆங்கிலத்தில் நெட்டுருப் போடுகிறது. வேறுபாடு அறிவில் இல்லை, மொழியில்தான் இருக்கிறது. அந்த மொழிக்குத்தான் கட்டணம்.

இந்நிலை நம் கண்முன்னே நடந்தது. 1999-இல் தமிழ்வழிக் கல்விக்காகத் தமிழறிஞர்கள் சென்னையில் உண்ணாநோன்பு இருந்தார்கள். அவ்வாண்டே தொடக்கப் பள்ளிகளில் தமிழைப் பயிற்றுமொழியாக்க அரசு ஆணையிட்டது. மறு ஆண்டு, 2000-இல், உயர்நீதிமன்றம் அவ்வாணையைத் தள்ளிற்று. 2014-இல் உச்சநீதிமன்றம், கருநாடக வழக்கொன்றில், பயிற்றுமொழியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பெற்றோருடையது என்று தீர்த்தது. அத் தீர்ப்பு நமக்கு உவப்பானதன்று. எனினும் ஒன்றை நினைவிற் கொள்க. தேர்வு உங்கள் கையில் இருக்கிறது என்றால், பொறுப்பும் உங்கள் கையில்தான் இருக்கிறது. எனவே தெரிந்து தேருங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு பெண்பிள்ளையை எண்ணிக்கொள்வோம். தந்தை இராசபாளையத்துப் பஞ்சாலையில் பணி செய்கிறார். பிள்ளை ஒன்றாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வருகிறது. எட்டாம் வகுப்பில் மாவட்ட அணிக்குத் தேர்வாகிறது. தனியார் பள்ளி அழைக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அங்கே போய்ச் சேர்கிறது. அன்று என்ன நடக்கிறது?

முதலாவது இழப்பு: 2020-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. முதலாண்டிலேயே முந்நூற்றுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அதே 7.5 விழுக்காடு விரிக்கப்பட்டது. இவ்விடங்களைப் பெறுவோரின் கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்றது. சட்டத்தின் சொல்லைக் கூர்ந்து நோக்குங்கள்: ஆறு முதல் பன்னிரண்டு வரை. நம் எடுத்துக்காட்டுப் பிள்ளை ஆறும் ஏழும் எட்டும் அரசுப் பள்ளியில் படித்தது. ஒன்பதில் வெளியேறியது. அந்த மூன்றாண்டுகளும் கணக்கில் சேரா. தொடர் அறுந்தால் உரிமை அறுந்தது.

இரண்டாவது இழப்பு: 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டரசின் நேரடிப் பணியமர்த்தத்தில் தமிழ்வழியில் படித்தவர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. கல்லூரியில் மட்டும் தமிழ்வழியில் படித்துவிட்டு உரிமை கேட்டோர் பலர் இருந்ததால், 2020-இல் சட்டம் திருத்தப்பட்டது. அப் பணிக்கு எந்தப் படிப்புத் தகுதியோ, அந்தப் படிப்பு வரை ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பே தகுதியான பணிக்கு ஒன்று முதல் பத்து வரை தமிழ்வழி. இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்பே தகுதி. வளைகோல் பிடித்த பிள்ளைகள் பலர் விரும்பிப் போவது காவல் பணிக்கு. அங்கே விளையாட்டு வீரர்க்கெனத் தனி ஒதுக்கீடும் உண்டு. தமிழ்வழியார்க்கு இந்த 20 விழுக்காடும் உண்டு. இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறிய பிள்ளை அவற்றுள் ஒன்றைத் தன் கையாலேயே அடைத்துவிடுகிறது. எட்டாண்டு தமிழ்வழியில் படித்த உழைப்பு, இரண்டாண்டு மாற்றத்தால் பயனற்றுப் போகிறது.

மூன்றாவது இழப்பு சிறிது. ஆனால் ஏழை வீட்டில் சிறிதென்று ஒன்றில்லை. 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் திங்கள்தோறும் 1000 உருபா அறிவிக்கப்பட்டது. 2024-இல் ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் என்னும் பெயரில் அதே திட்டம் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவரையும் பின்னர்ச் சேர்த்தனர். மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்குக் கணக்கிட்டால் 36,000 உருபா. தனியார் பள்ளி தந்த சீருடையும் காலணியும் கோலும் இதற்கு ஈடாகுமா?

இம்மூன்றையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். அரசுப் பள்ளியிலும் கட்டணம் இல்லை. தனியார் பள்ளியும் கட்டணம் வாங்கவில்லை. அப்படியானால் மாறியதால் பிள்ளைக்கு மிஞ்சியது என்ன? கோப்பையைப் பள்ளி தன் வரவேற்பறையில் வைத்துக்கொள்கிறது. பிள்ளையின் நிழற்படத்தை அடுத்த ஆண்டுச் சேர்க்கை விளம்பரத்தில் போட்டுக்கொள்கிறது. அந்த நிழற்படத்தைக் கண்டு, பெருங்கட்டணம் கட்டிச் சேரும் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். உங்கள் பிள்ளையின் வியர்வைதான் அப் பள்ளியின் முதல் என்பதை உணர்க!

இன்னொன்று கேட்கிறேன். விளையாடும்போது கால்மூட்டு முறிந்தால், அடுத்த ஆண்டு அணியில் இடமில்லையென்றால், கட்டணச் சலுகை தொடருமா? வாய்ச்சொல்லை நம்ப வேண்டா. பன்னிரண்டாம் வகுப்பு வரை, ஆடினாலும் ஆடாவிட்டாலும் கட்டணம் இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தருவார்களா என்று கேளுங்கள். தரமாட்டார்கள் என்றால், அவர்கள் அழைப்பது உங்கள் பிள்ளையை அன்று. அதன் காலை மட்டுமே.

சலுகை வேறு, உரிமை வேறு. பள்ளி நடத்துவோர் தருவது சலுகை. அவர் மனம் மாறினால் அது போய்விடும். அரசின் ஒதுக்கீடு சட்டம் தந்த உரிமை. அதைப் பறிக்க வேண்டுமானால் சட்டமன்றம் கூட வேண்டும். சலுகைக்காக உரிமையை விற்பவன் ஏமாளி.

இங்கே ஓர் எச்சரிக்கை. அரசுப் பள்ளியில்தான் இருக்கிறது என் பிள்ளை என்று அமைதி கொள்ளாதீர். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருக்கினார்கள். கட்டடம் அரசினுடையது, பிரிவு ஆங்கிலவழி. அப் பிரிவில் இருக்கும் பிள்ளைக்கு 7.5 விழுக்காட்டு உரிமை உண்டு; தமிழ்வழிக்குரிய 20 விழுக்காடு இல்லை. அரசு உதவி பெறும் பள்ளித் தமிழ்வழிப் பிள்ளைக்கு நேர்மாறு: 20 விழுக்காடு உண்டு, 7.5 விழுக்காடு இல்லை. அரசுப் பள்ளியில், தமிழ்வழிப் பிரிவில் படிக்கும் பிள்ளைக்கே இரண்டும் உண்டு. நாளையே பள்ளிக்குச் சென்று, உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் பதியப்பட்டிருக்கிறது என்று பார்த்து வாருங்கள்.

"ஐயா, உரிமையெல்லாம் சரி, பெரிய ஆட்டக்காரனாக வரவேண்டுமென்றால் ஆங்கிலம் தெரிய வேண்டாமா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய வினாதான். 2025 நவம்பர் 28 முதல் திசம்பர் 10 வரை இளையோர் உலகக் கோப்பை நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. சென்னையிலும், இதோ அண்மையிலுள்ள மதுரையிலும். உங்களுள் சிலர் மதுரைக்குப் போய்ப் பார்த்தும் இருப்பீர்கள். கோப்பையை வென்றது செருமனி. இரண்டாம் இடம் இசுப்பானியா. செருமானியச் சிறுவன் செருமானியத்தில் படிக்கிறான். இசுப்பானியச் சிறுவன் தன் நாட்டு மொழியில் படிக்கிறான். 2024-இல் பாரிசு ஒலிம்பிக்கில் ஆடவர் பொன்னையும் மகளிர் பொன்னையும் ஒருங்கே கொண்டுசென்றது நெதர்லாந்து. அதன் மக்கள் தொகை தமிழ்நாட்டு மக்கள் தொகையில் கால் பங்கு அளவே. அவர்கள் பள்ளிகளில் பயிற்றுமொழி டச்சு. 2016-இல் ஆடவர் பொன் பெற்றது அர்செண்டினா. அங்கும் பயிற்றுமொழி ஆங்கிலம் அன்று. இவர்கள் ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்கிறார்கள். அயலாரோடு பேச அது பயன்படுகிறது. அந்த அளவுக்கு நம் பிள்ளையும் கற்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அறிவைத் தாய்மொழியிலேயே பெறுகிறார்கள். ஓடும் பந்தை எதிர்கொள்ளும் நொடியில் மூளை எந்த மொழியில் ஏவுகிறதோ அந்த மொழியே ஆட்டக்காரனின் மொழி.

இனி, ஆட்டம் உண்மையில் எங்கே வளர்கிறது என்று காண்போம். நெடுந்தொலைவு போக வேண்டா. கிழக்கே கரிசற் காட்டில் கோவில்பட்டி இருக்கிறது. பல தலைமுறைகளாக வளைகோற் பந்தாட்டத்தைத் தன் ஊர் ஆட்டமாகப் போற்றும் ஊர் அது. அனைத்திந்தியப் போட்டி நடக்கும் ஊர். செயற்கைப் புல்தளத் திடல் அங்கே இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அங்கே வளைகோற் பந்தாட்டத்திற்கென விடுதி வைத்துப் பயிற்சி அளிக்கிறது. அப் பயிற்சியில் உருவான இருவர், கோவில்பட்டி மாரீசுவரனும் அரியலூர்க் கார்த்தியும், 2022-இல் சக்கார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பெற்றார்கள். பாக்கித்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி பந்தை இலக்குக்குள் செலுத்தினார். அவ் அணி வெண்கலம் வென்றது. மறு ஆண்டு, 2023-இல், சென்னையில் ஆசிய வாகையர் கோப்பையை வென்ற அணியிலும் கார்த்தி இருந்தார். எளிய வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். இவர்களை வளர்த்தது கட்டணப் பள்ளியின் விளம்பரப் பலகையன்று. பொதுப்பணத்தில் நடந்த விடுதியும், ஊர்மக்கள் போற்றிய திடலுமே.

வடக்கே ஒரிசாவிலும் இதுவே நடந்தது. அங்கே பான்போசு என்னும் இடத்தில் அரசு ஒரு விளையாட்டு விடுதி நடத்தியது. பழங்குடி ஊர்களிலிருந்து வந்த சிறுவர்கள் அங்கே பயின்றார்கள். அவர்களுள் ஒருவரான திலீப் திர்க்கி மூன்று ஒலிம்பிக்குகளில் ஆடினார். இந்திய அணிக்குத் தலைவரும் ஆனார். அரசு மனம் வைத்தால் காட்டுப்புறத்துச் சிறுவனும் உலகரங்குக்குப் போவான் என்பதற்கு இது சான்று.

ஆகவேதான் சொன்னேன், பள்ளி வேறு, திடல் வேறு என்று. மாவட்ட அணிக்கு ஆளெடுக்கும்போது ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டரசுப் பணியில் விளையாட்டு வீரர்க்குள்ள 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கும், வீரர் எந்தப் போட்டியில் எந்த நிலையில் ஆடினார் என்பதே கேள்வி. அவர் படித்த பள்ளி கட்டணம் வாங்கியதா என்பதன்று. மாலையில் ஊர்க்கழகத்தோடு ஆடட்டும். அரசு விடுதித் தேர்வுக்குப் போகட்டும். அங்கே இடம் கிடைத்தால், அருகிலுள்ள அரசுப் பள்ளியில் தமிழ்வழியிலேயே தொடரட்டும். உரிமைத் தொடரும் அறாது; பயிற்சியும் குறையாது.

இவ்வளவும் சொன்னேன் என்பதால் அரசுப் பள்ளிகளில் குறையே இல்லை என்று நான் மூடி மறைப்பவனல்லேன். குறை உண்டு, பெருங்குறை உண்டு. பெற்றோர் தனியார் பள்ளியை நாடுவது வெறும் ஆங்கில மயக்கத்தால் மட்டும் அன்று. தங்கள் பிள்ளையின் பெயர் சொல்லி அழைக்க அங்கே ஒரு பயிற்றுநர் இருக்கிறார், இங்கே இல்லை. இதுதான் உண்மை.

2012-இல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் அமர்த்தினார்கள். தொடக்க ஊதியம் திங்களுக்கு 5000 உருபா. பகுதிநேரத்தில் பாதி வயிற்றுக்கு உழைப்பவர் மாலை ஏழு மணி வரை திடலில் நிற்பது எங்ஙனம்? அப்படியும் நிற்பவர் இருக்கிறார்கள். இந்த அவையிலும் இருக்கிறார்கள். அவர்களை நான் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் ஒருசிலரின் ஈகத்தின் மேல் ஒரு நாட்டின் விளையாட்டைக் கட்ட முடியாது.

திடலின் நிலையும் அவ்வாறே. இந்தியா ஒலிம்பிக்கில் வளைகோற் பந்தாட்டத்தில் எட்டு முறை பொன் வென்ற நாடு. கடைசிப் பொன் 1980-இல் மாசுக்கோவில். அவ் அணிக்குத் தலைமை தாங்கியவர் தமிழ்நாட்டு வாசுதேவன் பாசுகரன். அதற்கு நான்காண்டு முன்பு, 1976-இல், மாண்ட்ரியலில்தான் ஒலிம்பிக் வளைகோற் பந்தாட்டம் முதன்முதலாகச் செயற்கைத் தளத்தில் நடந்தது. அதுவரை ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் முதல் மூன்று இடங்களுள் நின்ற இந்தியா அங்கே ஏழாவது இடத்துக்கு விழுந்தது. புல்லிலும் மண்ணிலும் பந்து துள்ளும்; கை நுட்பம் வெல்லும். செயற்கைத் தளத்தில் பந்து வழுக்கி விரையும்; கால் விரைவும் உடல் வலிவும் வெல்லும். மண் திடலில் மட்டுமே பழகிய பிள்ளையைத் திடீரென்று செயற்கைத் தளத்தில் இறக்கினால், ஆறு கடக்கப் பழகியவனைக் கடலில் தள்ளியது போலாகும். அத் தளம் அமைக்கக் கோடிக்கணக்கில் செலவாகும். எந்த ஒரு பள்ளியும், தனியார் பள்ளி உட்பட, எளிதில் அமைக்க இயலாது. ஆகவே அது அரசின் கடமை. "எங்கள் பள்ளிக்கு வந்தால் பெரிய ஆட்டக்காரனாக்குவோம்" என்போரிடம், "உங்கள் திடல் எந்தத் தளம்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அதுவும் மண்தான். மண் திடலே போதுமென்றால், நம் மண் என்ன குறை செய்தது?

இப்போது என் துறைக்கு வருகிறேன். வளைகோற் பந்தாட்டம் தமிழர் கண்டது என்று நான் சொல்லேன். பொய்ப்பெருமை நமக்கு வேண்டா. இன்றைய வடிவில் அது ஆங்கிலேயர் வகுத்த ஆட்டம். ஆனால் கோலும் பந்தும் தமிழர்க்குப் புதியனவல்ல. இராசபாளையத்து மேற்கு மலையடியில் நீர்காத்த ஐயனார் இருக்கிறார். ஐயனார்க்குரிய படைக்கருவி செண்டு என்பதை நம் பழைய நூல்கள் சொல்லும். செண்டு என்பது பந்துக்கும் பெயர். குதிரைகளை ஓட்டிப் பழக்கிய வெளிக்குச் செண்டுவெளி என்று பெயர். திடலுக்கு இவ்வளவு அழகிய சொல்லை வைத்திருந்தவர்கள் நாம்.

இன்று நம் பிள்ளைகள் திடலில் வாய் திறந்தால் வருவன எல்லாம் ஆங்கிலச் சொற்கள். பயிற்றுநர் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். முன்களத்தார், நடுக்களத்தார், பின்களத்தார், இலக்குக் காவலர், நடுவர் என்று சொல்லிப் பழகுங்கள். அடிவட்டத்துக்குள் தடுப்போர் தவறிழைத்தால் தருவது ஒறுப்பு மூலையடி. பந்தைத் தரையோடு தள்ளுவது தள்ளடி. ஓங்கி அடிப்பது ஓங்கடி. கோல்நுனியால் பந்தை மேலெழுப்புவது சுண்டடி. ஒருவர் மற்றவர்க்குப் பந்தைக் கொடுப்பது கைமாற்று அன்று, கோல்மாற்று. இவற்றுள் எது நாவுக்கு எளிதோ அதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். இதனினும் நல்ல சொல்லை அவர்களே ஆக்கட்டும். "இடப்பக்கம் விடு! பின்னே பார்! ஏறு!" என்று பயிற்றுநர் தமிழில் குரல் கொடுத்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் அது உடனே காலில் இறங்கும். வழக்கில் இல்லாத மொழி வாழாது. திடலில் தமிழ் ஒலித்தால், தமிழ் ஏட்டுமொழி என்னும் பழி தீரும்.

தனியார் பள்ளி நடத்துவோர்க்கும் ஒரு சொல். உங்களுள் பலர் தமிழர். வளைகோற் பந்தாட்டத்தின்மீது உண்மையான பற்று இருந்தால், அரசுப் பள்ளிப் பிள்ளையைப் பறித்துக்கொள்ளாமல் உங்கள் திடலை மாலையில் அதற்குத் திறந்துவிடுங்கள். உங்கள் பயிற்றுநரைக் கிழமைக்கு இரு நாள் அரசுப் பள்ளிக்கு அனுப்புங்கள். உங்கள் பள்ளியில் தமிழ்வழிப் பிரிவு ஒன்று தொடங்குங்கள். அப்போது உங்கள் பள்ளி வாயிலில் நின்று உங்களைப் பாராட்டும் முதல் ஆள் நானாக இருப்பேன்.

நிறைவாக, நாம் செய்ய வேண்டுவன நான்கு.

ஒன்று: எட்டாம் வகுப்பு முடிக்கும் எந்த ஆட்டக்காரப் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழையும், நான் சொன்ன கணக்கைப் போட்டுப் பாராமல் வாங்காதீர்கள். அண்டை வீட்டார்க்கும் இதைச் சொல்லுங்கள்.

இரண்டு: இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் அரசுப் பள்ளி ஒவ்வொன்றுக்கு வளைகோற் பந்தாட்டம் அறிந்த முழுநேர உடற்கல்வி ஆசிரியர் வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்க்கே பெரும்பான்மை இடம். அக்குழுவில் தீர்மானம் எழுதி, கையொப்பமிட்டு, மாவட்டக் கல்வி அலுவலர்க்கு அனுப்புங்கள். ஓர் ஊரிலிருந்து பத்து மடல் போனால் ஒரு முறை படிப்பார்கள். நூறு மடல் போனால் எழுந்து நிற்பார்கள்.

மூன்று: இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக ஒரு நல்ல திடல் வேண்டும். இரண்டுக்கும் இடையே அரைமணிப் பேருந்துப் பயணமே. இராசபாளையத்தார் திருவில்லிபுத்தூரையும், திருவில்லிபுத்தூரார் இராசபாளையத்தையும் போட்டியாகக் கருதிப் பிரிந்து கேட்டால் இருவர்க்கும் கிடைக்காது. சேர்ந்து கேட்டால் கிடைக்கும்.

நான்கு: பயிற்சி தமிழில் நடக்கட்டும்.

இளஞ்செல்வங்களே! வளைகோலின் தட்டையான முகம் ஒரு பக்கம்தான். மறுபக்கம் பந்து படலாகாது என்பது ஆட்ட விதி. எந்தப் பக்கத்தால் ஆடுகிறோம் என்பதை அறியாதவன் பந்தை இழப்பான். வாழ்க்கையிலும் நம் பக்கம் ஒன்றுதான். அது தமிழ்ப் பக்கம். அப் பக்கத்தால் ஆடுங்கள். நாளை ஒருநாள் உலகரங்கில் வெற்றிமேடை ஏறி, ஒலிபெருக்கி உங்கள் முன் நீட்டப்படும்போது, எந்தத் தயக்கமும் இன்றித் தமிழில் பேசுங்கள். மொழிபெயர்ப்பாளரை அவர்கள் தேடிக் கொள்ளட்டும்!

வளர்க தமிழ்வழிக் கல்வி! வெல்க தமிழிளைஞர்! வாழ்க தமிழ்!